மணிக்கட்டு வழக்கம்போல் ஆறிவருகிறது

பெரிய புள்ளி எப்படி விழுந்தார் என்பதில் அலுவலகத்துக்குள் இன்றுவரை ஒத்த கருத்து ஏற்படவில்லை. விழுந்தார் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது என்பதிலும் தகராறு இல்லை. விழுந்த விதத்தில்தான் மூன்று கட்சி, மூன்று கட்சிக்கும் ஆதாரம் உண்டு.

அன்று அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பாடம், விழுதல். ஊரில் மற்றவர்கள் விழுந்தால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மெடிக்கல் கோடிங் தொழிலில் விழுவது அவ்வளவு லேசான காரியமில்லை. வழுக்கி விழுந்தால் ஒரு குறியீட்டு எண், அதாவது ஒரு கோடு, தடுக்கி விழுந்தால் வேறொரு கோடு. ஏணியிலிருந்து விழுந்தவனும் நாற்காலியிலிருந்து விழுந்தவனும் ஒரே தரையில்தான் கிடப்பார்கள் என்றாலும் அவர்களை ஒரே கோடில் போட்டுவிட முடியாது. இந்த நுட்பம் கடைசி வரிசைக்கும் விளங்கட்டும் என்று பெரிய புள்ளி சக்கரம் வைத்த நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"இப்ப நான் விழறேன்னு வெச்சுக்குங்க" என்றார்.

வைத்துக்கொள்ளத் தேவையே ஏற்படவில்லை.

வகுப்பு கைதட்டியது. இவ்வளவு சிரத்தையாகப் பாடம் நடத்தும் ஆளை அவர்கள் பார்த்ததில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், இது நாற்காலியில இருந்து விழுந்ததா, நாற்காலி மேல நின்னு விழுந்ததா, இல்ல சக்கரம் வழுக்கினதா?" என்று கேட்டான். தரையில் மல்லாந்து கிடந்த பெரிய புள்ளி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, "நல்ல கேள்வி" என்றார். அப்புறம்தான் மயக்கம் போட்டார்.

அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியைப் பார்த்து நோட் எழுதுகிறார். அந்த நோட் கம்பி வழியாக இந்த அலுவலகத்துக்கு வருகிறது. இங்கே ஏசி அறையில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோடர்கள் அதைப் படித்து, நோயை ஓர் எழுத்தும் சில எண்களுமாக மாற்றி அனுப்புகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் அந்த எழுத்தையும் எண்களையும் மட்டுமே பார்த்து, பணம் உண்டு அல்லது இல்லை என்கிறது. நோயாளியை டாக்டர் பார்க்கிறார், டாக்டர் எழுதியதைக் கோடர் பார்க்கிறார், கோடர் எழுதியதை காப்பீடு பார்க்கிறது. நோயாளியை மறுபடி யாரும் பார்ப்பதில்லை. இதற்கு சிஸ்டம் என்று பெயர்.

கோடர்கள் போடும் கோடுகளைச் சரிபார்த்து அனுப்ப ஒரு தலைமை ஆடிட்டர் உண்டு. அவர்தான் நம் ஆள். கோடில் மூன்றாவது இடத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். யாரோ ஒருவர் அதை விட்டுவிட்டதற்காக ஒரு நாள் வேலை முழுவதையும் அவர் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அவருக்குப் பெரிய புள்ளி என்று பெயர் வந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, தானும் சில சமயம் போனில் சொல்லிக்கொள்வார்.

அவர் பார்த்து அனுப்பியதில் இதுவரை ஒரு தவறு பிடிபட்டதில்லை. நூற்றுக்கு நூறு. அதற்காகக் கொடுத்த கேடயம் வீட்டு வரவேற்பறையில் டிவிக்கு மேல் இருந்தது. அலுவலகத்தில் ஒவ்வொரு மேசைக்கு மேலும், கை கழுவும் தொட்டிக்கு மேலும்கூட, அவரே இயற்றிய வாசகம் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கியது: 'எழுதியிருப்பதே நோய். எழுதாதது ஆரோக்கியம்.' அதாவது டாக்டர் நோட்டில் எழுதாத எதையும் கோடர் ஊகிக்கக் கூடாது. நோயாளி எதிரில் வந்து உருண்டு புரண்டாலும் கூடாது.

கட்டுப் பிரித்த அன்று எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேல் கை ஒரு திருப்பம் திரும்பி, சற்று மேடேறி, அப்புறம் வேறு வேலையாகப் போவதுபோல் ஒருபக்கமாகப் போயிருந்தது.

"எலும்பு சேர்ந்துடுச்சு" என்றார் டாக்டர். "ஆனா கோணலா சேர்ந்திருக்கு. உள்ளங்கையை மேல பாத்துத் திருப்புங்க."

பெரிய புள்ளி திருப்பினார். தோள் திரும்பியது, முழங்கை திரும்பியது, தலைகூடத் திரும்பியது. உள்ளங்கை மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் பண்ணி நேராக்கிடலாம், பயப்படாதீங்க. ஆனா தள்ளிப்போடக் கூடாது. இப்படியே விட்டா மூட்டு தேஞ்சு இறுகிடும். அப்புறம் நானே பண்ணாலும் ஆயுசுக்கும் இந்தக் கை இப்படித்தான்."

இவ்வளவையும் டாக்டர் வாயால்தான் சொன்னார். பெரிய புள்ளி போன்ற ஓர் ஆள் அந்த இடத்தில் கவனித்திருக்க வேண்டியது அதைத்தான். அவர் அன்று வெறும் நோயாளியாக இருந்தபடியால் கவனிக்கவில்லை.

வீட்டில் நிலைமை மோசம். பூட்டில் சாவி திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள். மாத்திரையைக் கொடுத்தால் உள்ளங்கையை நீட்ட முடியாமல் புறங்கையை நீட்டினார், அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. மனைவி குனிந்து எடுத்தாள். இரண்டாவது முறை உருண்டபோது, "வாயைத் திறங்க" என்று நேராகவே போட்டுவிட்டாள். ராத்திரி முழுக்கக் குத்தும் வலியை அவர் வெளியில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டு எழுதியதற்குக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. 'தங்கள் மணிக்கட்டு வழக்கம்போல் ஆறிவருகிறது. ஆறிவரும் எலும்புக்கு அறுவை சிகிச்சை தேவையற்றது. நலம் பெற வாழ்த்துகள்.'

மனைவி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். அவருக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. மற்றவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும் இடம், அவருக்குச் சொந்த வீடு.

"புரிஞ்சுதா?" என்றார். "எவனோ ஒரு அரைகுறைக் கோடர் தப்பான கோடைப் போட்டிருக்கான். கோணலா சேர்ந்ததுக்குத் தனிக் கோடு இருக்கு. அதை விட்டுட்டு ஆறிவருதுன்னு போட்டிருக்கான். ஆள் யாருன்னு கண்டுபிடிச்சு ஒரு கை பாத்துடறேன்."

"பாருங்க, இப்ப உங்ககிட்ட இருக்கறதே ஒரு கைதான்" என்றாள் மனைவி.

முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல், "உங்க கை எப்படி இருக்கு சார்?" என்று அன்பாகக் கேட்டது.

"கோணலா இருக்கு."

"இங்க நல்லா இருக்குன்னு வருதே சார்."

"எங்க வருது?"

"ஸ்கிரீன்ல."

"அம்மா, கை என்கிட்ட இருக்கு."

"இருக்கலாம் சார். ஆனா லேட்டஸ்ட்டா இருக்கறது எங்ககிட்டதான்" என்றது குரல்.

மறுநாள் அலுவலகத்தில் அவர் டவுட்டைக் கூப்பிட்டார். டவுட்டு என்பது இரண்டாவது மேசைப் பெண்ணுக்கு அவரே வைத்த பெயர். நல்ல பெண், வேகமான பெண். எதை எடுத்தாலும் "சார், ஒரு டவுட்டு" என்று வந்து நிற்பாள், அதுதான் அவளிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம். காப்பீட்டுக் கடிதத்திலிருந்த எண்ணைக் கொடுத்து, இதைக் கோடு போட்ட மகானுபாவர் யார் என்று பார்க்கச் சொன்னார்.

அவள் பார்க்கவே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சார், நான்தான்."

"நீயா? நான் பயிற்சி குடுத்த பொண்ணா? கண்ணைப் பொடனியில வெச்சிருந்தியா?"

"நோட்டுல 'எலும்பு சேர்ந்துவிட்டது'ன்னுதான் சார் இருந்துது. பேரு மறைச்சுத்தானே நமக்கு வரும். ஆண், நடுத்தர வயது, வலது மணிக்கட்டு, அவ்வளவுதான். ஆனா கடைசியில 'கையைத் திருப்ப முடியவில்லை, வலி இருப்பதாகச் சொல்கிறார்'னு ஒரு வரி வந்துது. எனக்கு ஒரு டவுட்டு. டாக்டர்கிட்ட ஒரு கேள்வி அனுப்பிக் கேட்டுக்கலாமான்னு ஆடிட்டருக்கு எழுதினேன்."

"அப்படிப் போடு! அப்புறம்?"

"நீங்க அதை அடிச்சிட்டீங்க சார்."

பெரிய புள்ளிக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்தது. கட்டுப் பிரித்த வாரம். வலது கை மடியில் கிடக்க, இடது கையின் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆளின் நோட் வந்ததும் அவருக்கு எரிச்சலாக வந்தது. நமக்கும்தான் வலிக்கிறது, நாம் வேலை பார்க்கவில்லையா, இவனுக்கு மட்டும் என்ன அலட்டல் என்று நினைத்தார். அவ்வளவு சிரமப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, டவுட்டுக்கு ஒரு பதிலும் எழுதினார்: 'வலி என்பது நோயாளியின் கருத்து. கோடு பாஸ்.'

அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், அதையும் உறை போட்டு மாட்டலாமா என்று யோசித்தது வரை ஞாபகம் இருந்தது.

"இப்பவாவது என் கையைப் பாரு" என்று நீட்டினார். டவுட்டு பார்க்கவில்லை. கண்ணை மேலே தூக்கி, மேசைக்கு மேல் தொங்கிய வாசகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க. கண்ணால பாத்ததைக் கோடு பண்ணக் கூடாதுன்னு."

அவருக்கு அந்த நிமிஷம் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று சொல்ல மாட்டேன், மனிதருக்கு மானம் இருக்கிறது.

வழி இல்லாமல் போய்விடவில்லை. டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம், இப்போதும் அனுப்பலாம். ஆனால் கேள்வியிலேயே பதிலைக் காட்டிவிடக் கூடாது என்று ஒரு விதி. பதிலை ஊட்டிவிட்டு வாங்குவது மோசடியாம். அந்த விதியை எழுதிய குழுவுக்கும் அவர்தான் தலைவர். டவுட்டு முதலில், 'எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறதா?' என்று எழுதினாள். மேனேஜர் அறையிலிருந்து திரும்பி வந்தது, கோணல் என்ற சொல் டாக்டரைத் தூண்டுகிறது. 'எலும்பு எந்த வடிவில் இருக்கிறது?' அதுவும் திரும்பியது. வடிவம் என்றால் ஏதோ வடிவம் இருப்பதாக டாக்டர் நினைத்துவிடுவார். 'கை எப்படி இருக்கிறது?' என்றதும் ஆகவில்லை, அது குசலம் விசாரிப்பதாம். கடைசியில், 'எலும்பு தொடர்பாகத் தங்கள் மேலான எண்ணம் யாது?' என்பது எல்லா அறைகளையும் கடந்து டாக்டரிடம் போனது.

பதில் வந்தது: 'சேர்ந்துவிட்டது.'

பெரிய புள்ளி அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கே போனார். டாக்டர் அவரைக் கண்டதும், "என்ன, இன்னும் ஆபரேஷனுக்கு வரலையா? நாள் ஆகுதே!" என்று கடிந்துகொண்டார்.

"நீங்க கோணல்னு எழுதலையே டாக்டர்."

"நான் எங்கங்க எழுதறேன்? எழுதற காலமெல்லாம் போச்சு. அமுக்கறதுதான்." டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. 'சேர்ந்தது'ன்னு ஒரு பொத்தான். அமுக்கினா நோட்டு தானா ரெடி, அடுத்த ஆளைக் கூப்பிடலாம். 'கோணல்'னு இன்னொரு பொத்தான் இருக்கு. அதை அமுக்கினா கேள்வி மேல கேள்வி கேக்குது. எந்த எலும்பு, எவ்வளவு சாஞ்சிருக்கு... அதெல்லாம்கூட சொல்லிடலாம். கடைசியில 'முதலில் கட்டுப் போட்டவர் யார்?'னு கேக்குது. கட்டுப் போட்டது நான். என் மேல நானே எழுதிக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

பெரிய புள்ளி அவரை அறியாமல் தலையாட்டினார். தொழில் தெரிந்தவர்களுக்குள் அப்படி ஒரு புரிதல் உண்டு. தன் அலுவலகத்தில் ஓர் ஆடிட்டர் முதல் கேள்வியை அடித்துவிட்ட கதையைச் சொன்னார், அந்த ஆடிட்டர் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் டாக்டர், குரலைத் தணித்து. "காப்பீட்டுக்காரங்க உங்க ஆபீஸ்லயே மறுபரிசீலனைக் கூட்டம் போடுவாங்க. அதுல உங்க ஆடிட்டர் யாரோ, அவர் வந்து 'கேள்வியை அடிச்சது என் தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பழி ஒரு இடத்துல உக்காந்துட்டா அப்புறம் என் பக்கம் யாரும் வர மாட்டாங்க. அன்னிக்கே திருத்தி எழுதித் தரேன். அன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க. அந்த ஆடிட்டர் நல்ல மனுஷனா?"

"சுமாரா இருப்பார்" என்றார் பெரிய புள்ளி.

ஆக ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் கை நிமிரும், கேடயம் போகும். வேறு யாராக இருந்தாலும் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பெரிய புள்ளி யோசித்தார். சாப்பிடும்போது யோசித்தார், குளிக்கும்போது யோசித்தார், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டும் யோசித்தார். டிவி பார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்து, டிவிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லுங்க. 'தப்பு என்னுது.'"

"தவறு நேர்ந்திருப்பதற்கான வாய்ப்பு மறுப்பதற்கில்லை."

"யாருக்கு நேர்ந்துது? பக்கத்து வீட்டுக்கா?"

"ஆடிட் தரப்பில் ஒரு சிறு..."

"என்னங்க, தரப்பும் வேணாம், தோப்பும் வேணாம். ரெண்டு வார்த்தை. கல்யாணம் ஆன நாளா என்கிட்ட சொன்னதில்ல, போகட்டும், அது உங்க சுபாவம். இப்ப உங்க கைக்காகச் சொல்லக் கூடாதா?"

மூன்றாம் நாள் அவர் சொல்லிவிட்டார். "தப்பு என்னுது." சத்தம் குறைவாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. மனைவிக்குச் சிரிப்பும் கண்ணீருமாகிவிட்டது. கூட்டத்தன்று அவருடைய மாற்றுத் துணி, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான். கூட்டம் முடிந்ததும் அப்படியே நடந்து போய்விடலாம். கீழே, லிஃப்டுக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கூட்ட அறையில் அவருக்கு இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றின் முன்னால் 'நோயாளி' என்று அட்டை, அது பிளாஸ்டிக் நாற்காலி. இன்னொன்றின் முன்னால் 'ஆடிட்டர்' என்று அட்டை, அதற்கு மெத்தையும் கைப்பிடியும் இருந்தன. நோயாளி பேசும்போது ஆடிட்டர் நாற்காலி காலியாக இருக்க வேண்டும், ஆடிட்டர் பேசும்போது நோயாளி குறுக்கிடக் கூடாது என்று மேனேஜர் விளக்கினார். பெரிய புள்ளி ஒப்புக்கொண்டார். டவுட்டு கடைசியில் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். "நம்ம நிறுவனத்தோட மையமே நோயாளிதான். அதனாலதான் அவரை நடுவுல உக்கார வெச்சிருக்கோம். நாம எல்லாரும் அவரைச் சுத்தித்தான் இருக்கோம், கொஞ்சம் தள்ளி. நோயாளி இல்லாம நம்மால வேலை செய்ய முடியாதான்னு கேட்டா, முடியும். இத்தனை வருஷமா அப்படித்தான் செய்யறோம். ஆனாலும் அவர்தான் மையம்."

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் கோட்டுப் போட்டவர், சாது. "எங்களுக்கு இவர் மேல எந்தக் கோபமும் கிடையாது" என்றார். "கை கோணலா இருக்கறதை நானும் பாக்கறேன். என் சொந்தத் தம்பியா இருந்தா, போய் ஆபரேஷன் பண்ணிக்கடான்னுதான் சொல்லுவேன். ஆனா நான் இங்க அண்ணனா வரல. நிறுவனமா வந்திருக்கேன். நிறுவனத்துக்குக் கண்ணு கிடையாது, அதுதான் அதோட நேர்மை."

பெரிய புள்ளி நோயாளி நாற்காலியிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் பண்போடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"கையை இறக்கிக்குங்க சார்" என்றார் மேனேஜர் மெதுவாக. "நாங்க பாத்துட்டா முடிவு ஒருதலைப்பட்சமா ஆயிடும்."

"வலிக்குது" என்றார் பெரிய புள்ளி. உண்மையாகவே வலித்தது. "ராத்திரி தூங்க முடியல. மாத்திரையைக் கையில வாங்க முடியல. என் சட்டையை நானே போட முடியல." இதுவரை வீட்டில்கூட அவர் இவ்வளவு சொன்னதில்லை.

அறை கொஞ்சம் இளகியது. காப்பீட்டுக்காரர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "சரி, சிம்பிளா முடிச்சுடலாம். ஆடிட்டர் தப்பு நடந்துதுன்னு சொல்லிட்டா, நாங்க அனுமதி குடுத்துடறோம். பாவம், அவரைச் சொல்லியும் குத்தமில்ல. அந்த நேரத்துல அவருக்கே உடம்பு சரியில்லையாம். கவனம் சிதறியிருக்கும். வயசும் ஆகுது. சட்டதிட்டமெல்லாம் அப்பப்ப மாறுது, பழைய ஆளுங்களுக்குப் பிடிபடறது கஷ்டம். நாம பெருந்தன்மையா விட்டுடுவோம்."

பெரிய புள்ளி எழுந்தார். 'தப்பு என்னுது' என்ற இரண்டு வார்த்தையும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. இரண்டடி நடந்து ஆடிட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தை அவரை அறிந்திருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"கவனம் சிதறலா?" என்றார்.

டவுட்டு தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"சட்டதிட்டம் பிடிபடலையா? சார், நீங்க சொல்ற சட்டதிட்டத்தை எழுதினதே நான். நோட்டுல என்ன இருந்துது? 'எலும்பு சேர்ந்துவிட்டது.' கோணல்னு ஒரு வார்த்தை இருந்துதா? இல்ல. அப்ப எந்த ஆதாரத்துல கேள்வி கேக்கறது? நோயாளி வலிக்குதுன்னு சொன்னாராம். சொல்லட்டுமே! நோயாளின்னா வலிக்குதுன்னுதான் சொல்லுவான், வேற என்ன சொல்லுவான்? அதுக்கெல்லாம் கேள்வி அனுப்ப ஆரம்பிச்சா, நாளைக்கு வலிக்கிறவன் எல்லாம் வரிசையில வந்து நிப்பான். அப்புறம் நாம கோடு போடறதா, வைத்தியம் பாக்கறதா?"

அவர் குரல் ஏறியது. நோயாளி நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டினார், இடது கையால்.

"இந்த மனுஷனைப் பாருங்க! இவர் பேச்சை நம்பி முடிவெடுத்தா சிஸ்டம் என்ன ஆகும்? அனுதாபம் வேற, ஆடிட் வேற. இவர்மேல எனக்கும் அனுதாபம் உண்டு, உங்க எல்லாரையும்விட அதிகமாகவே உண்டு. ஆனா என் ஆடிட்ல ஒரு புள்ளி தப்பு இருக்குன்னு இங்க யாராவது காட்ட முடியுமா? காட்டுங்க!"

யாராலும் காட்ட முடியவில்லை. டவுட்டு மட்டும் கையை உயர்த்தினாள்.

"சார், ஒரு டவுட்டு..."

"டவுட்டெல்லாம் கூட்டம் முடிஞ்சப்புறம்" என்றார் பெரிய புள்ளி.

காப்பீட்டுக்காரர்தான் முதலில் கைதட்டினார். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு வாதத்தைத் தன் பக்கத்து ஆட்கள்கூட வைத்துக் கேட்டதில்லையாம். மேனேஜர் நெகிழ்ந்துபோய், நோயாளியின் மேல்முறையீடு ஒருமனதாக நிராகரிக்கப்படுவதாகவும், மேல்முறையீடு ஒரு முறைதான் உண்டு என்பதால் விஷயம் இத்துடன் முடிந்ததாகவும், ஆடிட்டருக்குக் குழுவின் பாராட்டைத் தெரிவிப்பதாகவும் அறிவித்தார். அறிவித்துவிட்டு எழுந்து வந்து பெரிய புள்ளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலது கையை.

வலி மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஏறி, கண்ணில் நீராக வந்து நின்றது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் மறுபடி தட்டினார்கள். அந்த வலியில்தான் அவருக்குத் தான் யார் என்பதும், என்ன செய்துவிட்டோம் என்பதும் உறைத்தது. தட்டுகிற கைகளையெல்லாம் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்த கைகள். ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து 'நான் இன்னும் முடிக்கல' என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் யாரோ அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கீழே லிஃப்ட் திறந்ததும் மனைவி எழுந்து நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"ஜெயிச்சாச்சு" என்றார் பழக்கதோஷத்தில்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! வாங்க, அப்படியே போயிடலாம். டாக்டர் இருக்கும்போதே போயிடணும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியவள், அவர் வராததைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆடிட்டர் ஜெயிச்சாரு" என்றார் அவர். "நோயாளி தோத்துட்டாரு."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவரோடு குடித்தனம் நடத்தியவள். மெல்லத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லவே இல்லையா?"

"வாய் வரைக்கும் வந்துது."

"அப்புறம்?"

"நாற்காலி மாறினேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையை மேலே திருப்பிப் பார்த்தாள், பூப்போல. திரும்பவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அவள் இரண்டாவது தடவையும் திருப்பிப் பார்த்ததுதான் தாங்கவில்லை.

"சரி விடுங்க" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க சொல்லாட்டி போகுது. நான் எழுதிக் குடுக்கறேன். நோயாளியோட பொண்டாட்டி புகார் குடுக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே? அந்த ஆடிட்டரை நான் சும்மா விடறதா இல்ல. ஆடிட்டர் மேல புகார்னா யாருகிட்ட குடுக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

பெரிய புள்ளி லிஃப்ட் கதவைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அவளைப் பார்க்க முடியவில்லை.

"எங்கிட்டதான் குடுக்கணும்" என்றார்.